வாச்சாத்திக்கு ஒரு மன்னிப்பு



வாச்சாத்தின்னு பேச்செடுத்தாலே, "அதான் தீர்ப்பு வந்துடுச்சே, இன்னும் என்ன?"ங்கிறாங்க.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு 269 பேர் புகுந்து ஊரையே சூறையாடினாங்க. 18 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. நம்ம கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமப் போராடி, 2011-ல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு.

சரி. ஆனா செஞ்சது அரசு ஊழியர்கள். அப்போ மன்னிப்பு அரசோட வாயிலிருந்து வரணும்ல?

ஆஸ்திரேலியாவுலயும் "போன தலைமுறை செஞ்சதுக்கு நாங்களா?"ன்னு பிரதமர் ஹோவார்ட் மறுத்தார். 2008 பிப்ரவரி 13-ல், பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்திலேயே, குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளிடம் மன்னிப்பு கேட்டார். வெளியே திரையில பார்த்த ஜனம் அழுதது. அடுத்துப் பேசின எதிர்க்கட்சித் தலைவர் "நல்ல நோக்கத்துலதான்"னு இழுக்கவும், பலர் முதுகைத் திருப்பிக்கிட்டாங்க. (இழப்பீடு கிடையாதுன்னு ரட் சொன்னது வேற கதை.)

நம்ம ஜவ்வாது மலையிலும் வாழ்றது அதே மலையாளி பழங்குடி மக்கள்தான். சட்டமன்றத்துல மன்னிப்புத் தீர்மானம் வேணும்னு திருவண்ணாமலையிலிருந்தும் குரல் போகட்டும்.

#வாச்சாத்தி