சவுக்கு வரிசையில் இல்லாத பெடியன்

அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டை வரைந்த பழைய ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், வின்ஸ்லோ ஹோமரின் 'ஸ்னாப் த விப்' (1872) வராமல் போகாது. சிவப்புப் பள்ளிக்கூடம், புல்வெளி, கைகோத்து ஓடுகிற பெடியள். சில பேருக்குக் காலில் செருப்புக்கூட இல்லை. வரிசையின் ஒரு முனையில் இருப்பவர்கள் சடாரெண்டு காலை ஊன்றி நிற்க, மற்ற முனையில் இருப்பவர்கள் சவுக்கு நுனி மாதிரித் தூக்கி எறியப்படுவார்கள். அதுதான் விளையாட்டு. படத்தின் இடப்பக்கத்தில் விழுகை தொடங்கியாச்சு.

இதைக் 'கள்ளமில்லாப் பால்யம்' எண்டு மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர்களோடுதான் எங்களுக்கு வழக்கு.

உள்நாட்டுப் போர் முடிந்தது 1865இல். செத்தவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேலே. அந்தப் போரை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகைக்குப் படமாக வரைந்து அனுப்பிய அதே ஹோமர்தான் பிறகு பள்ளிக்கூடப் பெடியளை வரைகிறார். போர் முடிந்த நாடு, பிள்ளைகள் சிரிக்கிற படத்தைத் தேடும். எங்களுக்கு இது புதுசில்லை. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியிலும் இந்த ஓவியம் இருந்தது.

ஆனால் எந்தப் பிள்ளைகள்? கிராமத்துப் பள்ளிக்கூடத் தவணையே விதைப்புக்கும் அறுவடைக்கும் இடம்விட்டுத்தான் நடந்தது. ஆகவே இந்தப் பெடியளுக்கும் இது இரண்டு வேலைகளுக்கு நடுவில் கிடைத்த கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்சமும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். 1871 அளவில் அவர் வரைந்த 'த மோர்னிங் பெல்' ஓவியத்தில் இளம் பெண்கள் சாப்பாட்டு வாளியோடு ஆலைக்குப் போகிறார்கள்.

எங்களை உண்மையில் நிறுத்தி வைத்தது 1875இல் வந்த 'வீனிங் த காஃப்'. கன்றைப் பால் மறக்கப் பண்ண, தாய்ப்பசுவிடமிருந்து பிரித்து இழுக்கிறான் ஒரு கறுப்பினப் பெடியன். முழு உடம்பும் கயிற்றோடு சாய்ந்து கிடக்கு. பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பெடியள் நின்று பார்க்கிறார்கள். சும்மா பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பத்து வருசம். மூன்று பேரும் ஏறத்தாழ ஒரே வயசு, ஒரே வயல்வெளி, ஒரே வெயில். ஓய்வு இரண்டு பேருக்கு, கயிறு ஒருவனுக்கு.

ஹோமர் பொய் சொன்னார் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் இரண்டையும் கண்டார், இரண்டையும் வரைந்தார். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து 'அந்தக் காலத்துக் கிராமம்' எண்டு சுவரில் மாட்டியது பார்த்தவர்கள்தான். கலை வரலாற்று வகுப்பில் அடுத்த முறை 'ஸ்னாப் த விப்'பைத் திரையில் போடும்போது, அதற்கடுத்த ஸ்லைட்டாக இந்தக் கன்றுக்குட்டிப் படத்தையும் போடச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.