காந்திமதியின் பொருட்டு நெல்லைச் சீமையாருக்கு ஒரு மடல்

இராமகிருஷ்ணபுரம், புது தில்லி.



1978ஆம் ஆண்டில் உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டுப் புறப்பட்டு இத்தலைநகரில் குடியேறிய நான், ஆனித் தேருக்கும் உறவினர் வீட்டுச் சுபகாரியங்களுக்குமாக ஆண்டுக்கொரு முறை வந்துபோகும் விருந்தாளியாகவே என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டேன். ஆதலால் ஊர்க் காரியத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு உள்ள பாத்தியதை சிறிது என்பதை நன்கு அறிவேன். எனினும், 2025ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி கண்மூடிய பிறகு, ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிற உறவினர் யாவரும், "கோயில் வாசல் வெறிச்சென்று கிடக்கிறது; இன்னொரு குட்டி வர வழி பிறக்காதா?" என்று ஒரே ஏக்கத்தைச் சொல்லி முடிப்பதைக் கேட்டுக் கேட்டு, என் மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் இருப்பது ஊருக்கு நான் செய்யும் துரோகம் என்று தோன்றியதால் இம்மடலை எழுதத் துணிந்தேன்.

நான் ஊரை விட்டு வந்த பிறகு, 1985ஆம் ஆண்டில் வந்தவள் காந்திமதி. கோடை விடுமுறையில் என் மகளை முதன்முதலாக அவளிடம் அழைத்துச் சென்றபோது, குழந்தை என் வேட்டித் தலைப்பைப் பற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததும், காந்திமதி துதிக்கையை நீட்டி அவளுடைய தலைமீது ஊதிய வெந்நீராவி போன்ற மூச்சில் முன்மயிர் பறந்ததும், அச்சம் தெளிந்து அவள் சிரித்ததும் இன்றைக்கும் என் கண்முன் நிற்கின்றன. முதுமையில் கால்வலியால் வருந்திய அவளுக்கு, 2022ஆம் ஆண்டில் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவில் தோல் செருப்புகள் தைத்துக் கொடுத்தார்கள் நம்மூர்ப் பக்தர்கள். அச்செய்தியைப் படித்து என் மனைவி கண்ணீர் வடித்தாள். இத்தனை அன்புள்ள ஜனங்கள் வேறு எங்கே உண்டு என்று நானும் பெருமிதம் கொண்டேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வராமல் படுத்திருந்தபோது வேறொரு வினா எழுந்தது: மண்ணிலும் சேற்றிலும் நடப்பதற்கென்று படைக்கப்பட்ட பாதத்துக்குச் செருப்பு வேண்டியதாயிற்று என்றால், அப்பாதம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக எதன்மீது நின்றிருக்கிறது?

இவ்வினாவுக்கு விடை தேடிப் படித்த நூல்களுக்கிடையே ஒரு பழைய சம்பவம் என்னை வெகுவாக ஆட்கொண்டது. சயாம் தேசத்து மன்னர் மோங்குட், அமெரிக்கக் கண்டத்தில் யானைகளே இல்லை என்று கேள்வியுற்று, இளம் ஆணும் பெண்ணுமாகச் சில ஜோடிகளை அனுப்பிவைக்கத் தாம் விரும்புவதாக 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாளிட்டு அமெரிக்க ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உதவுவதற்காக அவர் யானைப்படை அளிக்க முன்வந்தார் என்று பலரும் சொல்வது பிழை. கடிதம் எழுதப்பட்ட காலத்தில் அந்தப் போர் தொடங்கவேயில்லை. யானைகள் பெருகினால், பாதை திறக்கப்படாத காட்டுப் பிரதேசங்களில் பாரம் சுமக்கவும் பிரயாணம் செய்யவும் உதவும் என்பதே அவர் எண்ணம். கடிதம் போய்ச் சேர்வதற்குள் ஜனாதிபதி மாறிவிட்டபடியால், விடை எழுதும் கடமை ஆபிரகாம் லிங்கனுக்கு வாய்த்தது. 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாளிட்ட மறுமொழியில் அவர் மன்னருக்கு மிகுந்த மரியாதையுடன் நன்றி கூறி, தம் நாட்டின் சீதோஷ்ணம் யானைகள் பல்கிப் பெருகுவதற்கு இசைந்ததன்று என்றும், நிலத்திலும் நீரிலும் நீராவியே தங்களுக்குப் போதிய வாகனமாக இருக்கிறது என்றும் தெரிவித்து, அக்கொடையை ஏற்க இயலாமையைப் புலப்படுத்தினார்.

அவர் மட்டும் ஏற்றிருந்தால்? லூயிசியானாவின் சதுப்புக் காடுகளில் யானைக் கூட்டங்கள் நீராடியிருக்கலாம்; சயாமியப் பாகர் குடும்பங்கள் மிசிசிப்பிக் கரையில் ஊர் அமைத்திருக்கலாம்; இருப்புப் பாதைக்கான கட்டைகளை யானைகள் இழுத்திருக்க, அமெரிக்கக் குழந்தைகள் நம் குழந்தைகளைப்போலவே வாசலில் நின்று தேங்காயும் வெல்லமும் நீட்டியிருக்கலாம். இப்படியெல்லாம் கற்பனை செய்வது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னர் எழுதியதை மறுபடி வாசித்தபோது, நான் முதலில் கவனியாது விட்ட ஒன்று புலப்பட்டது. அவர் யானையைக் கொடுக்க மட்டும் முன்வரவில்லை. யானையின் சார்பாகச் சிலவற்றைக் கேட்கவும் செய்தார். தனி யானையாக இன்றி ஜோடியாக அனுப்பவேண்டும். கப்பலில் தண்ணீரும் புல்லும் போதுமான அளவு இருக்கவேண்டும். போய்ச் சேர்ந்தபின் வெப்ப மண்டலத்தில் நீரும் புல்லும் நிறைந்த காட்டில் விடவேண்டும். அவற்றை யாரும் துன்புறுத்தலாகாது. துணை, காடு, தண்ணீர், அபயம் என்னும் இந்நான்கையும் அளிக்க இயலாதவன் யானையைப் பெறத் தகுதியற்றவன் என்பதே அக்கடிதத்தின் உட்பொருளாக எனக்குத் தோன்றுகிறது.

லிங்கன் ஏற்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு ஒட்டகங்களே சாட்சி. 1856ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்தார் முப்பத்துநான்கு ஒட்டகங்களைக் கப்பலில் கொணர்ந்து டெக்சாஸ் கரையில் இறக்கினார்கள். மறு ஆண்டு மேலும் நாற்பத்தொன்று வந்தன. பாலையைக் கடப்பதில் அவை கோவேறு கழுதைகளை வென்றன என்றாலும், போர் மூண்டதும் கேட்பாரற்றுப்போயின. சில ஏலத்தில் விற்கப்பட்டன, சில பாலையில் அவிழ்த்துவிடப்பட்டு அலைந்து மடிந்தன. ஒட்டகங்களுடன் சென்ற ஹாஜி அலி என்னும் ஒட்டகக்காரருடைய சமாதி அரிசோனாவில், உச்சியில் ஓர் ஒட்டக உருவத்துடன் இன்றும் நிற்கிறது.

மன்னரின் யானைகள் போகவில்லை எனினும், வேறு யானைகள் அந்நாட்டுக்குப் போகத்தான் செய்தன. 1796ஆம் ஆண்டிலேயே வங்காளத்திலிருந்து ஒரு குட்டி நியூயார்க்கில் வந்திறங்கி, காசு வாங்கிக் காட்டும் காட்சிப் பொருளாயிற்று. 1874ஆம் ஆண்டில் ஒரு சித்திரக்காரர் பத்திரிகையில் வரைந்த யானை, நாளடைவில் அந்நாட்டின் பெரிய கட்சியொன்றுக்குச் சின்னமாயிற்று. 1884ஆம் ஆண்டில், புதிய புரூக்ளின் பாலத்தின் உறுதியை மக்களுக்கு மெய்ப்பிக்க இருபத்தொரு யானைகள் அதன்மீது நடத்திச் செல்லப்பட்டன. இவ்வாறு கொடியிலும் கூடாரத்திலும் யானைக்கு இடம் கொடுத்த தேசம், காட்டை மட்டும் கொடுக்கவில்லை.

நம் தேசமும் அங்கே ஒரு யானையை அனுப்பியது. குடகுக் காட்டில் பிறந்து, எட்டு வயதளவில் பிடிபட்டு, மரம் இழுத்துக்கொண்டிருந்த அம்பிகா என்னும் பெண் யானை, 1961ஆம் ஆண்டில் இந்தியக் குழந்தைகளின் அன்பளிப்பாக வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்குச் சென்றாள். இலங்கைக் குழந்தைகள் அனுப்பிய சாந்தி என்ற யானையும் பின்னர் வந்து சேர, அம்பிகா துணையோடு வாழ்ந்து எழுபது வயதைக் கடந்து 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மரித்தாள். அங்கு அவளைக் காத்தவர்கள் குறைவின்றிக் காத்தார்கள் என்பதை நான் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்பளிப்பாக அனுப்பிய குழந்தைகளுக்குத் தெரியாத ஒருத்தி குடகுக் காட்டில் இருந்தாள். இருபத்திரண்டு மாதங்கள் வயிற்றில் சுமந்து பெற்ற தாய் அவள்.

நான் வாழும் தில்லியைப்போல யானையைக் கொண்டாடிய நகரமும், யானையைக் கைவிட்ட நகரமும் வேறில்லை. செங்கோட்டையின் நௌபத் கானா வாயிலுக்கு யானை வாயில் என்றும் ஒரு பெயர். பிரபுக்கள் அங்கேதான் அம்பாரியை விட்டு இறங்கவேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டு தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் யானையின்மேல் அன்றிக் குதிரைமேல் பவனி வந்ததால், திரண்டிருந்த ஜனங்களில் பலர் அவரை இன்னார் என்று அடையாளம் காணவில்லையாம். நான் வந்த புதிதில், குடியரசு தின அணிவகுப்பில் வீரச் செயல் புரிந்த சிறுவர்கள் யானைமீது அமர்ந்து வருவார்கள். பிற்காலத்தில் யானைக்குப் பதிலாக ஜீப் வந்தது. கல்யாண மாதங்களில் விடியற்காலையில் யமுனைப் பாலத்தின்மீது, நெற்றியில் பழைய வண்ணக் கோலம் கலைந்திருக்க, இரவெல்லாம் ஊர்வலம் சுமந்த யானையொன்று பேருந்துகளுக்கிடையே தலைகுனிந்து திரும்பி நடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கறுத்து நுரைத்த அந்நதிக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த பாகர்களிடமிருந்து, எஞ்சிய யானைகளையும் சில ஆண்டுகளுக்கு முன் வனத்துறையினர் அகற்றிவிட்டார்கள்.

சங்கர் என்னும் யானையையும் குறிப்பிடவேண்டும். ஜிம்பாப்வே தேசத்தார் நம் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவுக்கு அளித்த அன்பளிப்பாகத் தில்லி மிருகக்காட்சி சாலைக்கு வந்த ஆப்பிரிக்க யானை அது. உடன் வந்த பெண் யானை இறந்தபின், தன் இனத்தின் பாஷையைப் பேச ஒருவரும் இல்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்து, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், இருபத்தொன்பது வயதில், ஆயுளில் பாதியைக்கூட எட்டாமல் மாண்டது. என் பேரனோடு ஒருமுறை சென்றபோது, அது நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருந்தது. "தாத்தா, யானை ஆடுது" என்று குழந்தை கை தட்டினான். அது ஆட்டமன்று என்று அவனுக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊரையும் மொழியையும் விட்டுப் பிரிந்து வாழ்வது இன்னது என்று நான் அறிவேன். ஆயினும் எனக்குத் தமிழ்ச் சங்கம் இருந்தது. மலை மந்திர் கோயிலில் சுவாமிநாதன் இருந்தான். ஆண்டுக்கொரு முறை திரும்பிச் செல்ல ரயில் இருந்தது. சங்கருக்கு இவற்றில் ஒன்றுமில்லை.

நெல்லைச் சீமையீர்! அந்த மன்னர் கேட்ட நான்கையும் நம் காந்திமதிக்கு நாம் கொடுத்தோமா என்று நெஞ்சில் கைவைத்துப் பார்ப்போம். அபயம் கொடுத்தோம், உணவும் நீரும் கொடுத்தோம், அன்பை அள்ளி அள்ளிக் கொடுத்தோம். காட்டையும் துணையையும் நம்மால் கொடுக்க முடியவில்லை. அது நம் அன்பின் குறையன்று, ரதவீதியின் இயல்பு. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில் சமய காரியங்களுக்காக யானையைக் கைமாற்ற வழி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சாராரும், கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை பெறலாகாது என்று 2023ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியிருக்கிறது என்று மற்றொரு சாராரும் வாதிக்கலாம். சட்டம் தடுத்தது என்பதற்காக நிறுத்துவது வேறு, நாமே உணர்ந்து வேண்டாம் என்பது வேறு. கொடையை மரியாதையுடன் மறுப்பதும் ஒரு தர்மம்.

அப்படியானால் நம் ஊருக்கு யானையே வேண்டாமா என்று கேட்பீர்கள். நமக்கு யானைகள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகம் ஏறக்குறைய 1,197 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதில் நம் முண்டந்துறைக் காடுகளும் அடங்கும். காந்திமதிக்குச் செருப்புத் தைத்த கைகள், அம்மலையடிவாரத்தில் யானையால் வாழை இழந்த விவசாயியின் நஷ்டத்தில் பங்கேற்கட்டும். சொரிமுத்தையனார் கோயிலுக்குச் செல்கிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையையும் காட்டில் விட்டுவராமல் இருக்கட்டும். குட்டிக்கென்று சேர்க்க நினைத்த பணம் அக்காட்டின் காவலுக்குச் செல்லட்டும். ஆனித் தேருக்கு முன்னே அவள் நடந்த இடத்தைக் காலியாகவே விட்டுவையுங்கள். அங்கே நடந்தவள் யார் என்று குழந்தைகள் கேட்பார்கள். அப்போது, பொதிகைமேல் அவளுடைய இனத்தார் துதிக்கையால் அள்ளிப் பருகிய மிச்சந்தான் தாமிரபரணியாகி நம் வீட்டுக் குடத்துக்கு வருகிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த ஆனிக்கு நான் வருகிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தில்லிவாழ் நெல்லைக்காரன்