பாதிப் பரிசு உனக்கு!

டிசம்பர் கடைசி வாரம். 'இந்த வருஷம் கூடவே நின்ன எல்லோருக்கும் நன்றி'னு ஒரு ஸ்டேட்டஸ் டைப் பண்ணி ரெடியா வெச்சிருப்பீங்களே... அதைப் போடறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரோட கதையைக் கேளுங்க.

1921, டிசம்பர் 30. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம். ஹால் முழுக்க பெரிய பெரிய விஞ்ஞானிகள். சர்க்கரை நோய்க்கான தன் ஆராய்ச்சியைப் பத்திப் பேச வந்திருந்தார் கனடா டாக்டர் ஃபிரெடெரிக் பேன்டிங். தனியா க்ளினிக் வெச்சு, முதல் மாசம் வெறும் 4 டாலர் சம்பாதிச்ச மனுஷர். மேடையில் என்ன ஆச்சு? நம்ம வைவாவில் ஆகுமே, அதேதான். செம உதறல்! டொரான்டோவில் அவருக்கு லேபும், உதவிக்கு ஒரு ஸ்டூடண்டையும் கொடுத்த பேராசிரியர் மெக்லியாட்தான் எழுந்து கேள்விகளைச் சமாளிச்சார். பேன்டிங்குக்கோ, 'என் உழைப்புக்கு இவர் பேர் வாங்கிக்கறாரே'னு கடுப்பு!

சர்க்கரை நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடிக்க முடிஞ்ச காலம் அது. 1922 ஜனவரி 11-ம் தேதி, 14 வயசு லியோனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி. சரியா வேலை செய்யலை. அதே டீமில் இருந்த காலிப், மருந்தை இன்னும் சுத்தமாக்கிக் கொடுத்தார். ஜனவரி 23-ல் அதைப் போட்டாங்க. பையன் தேறினான்! அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான்.

1923-ல் நோபல் பரிசு, பேன்டிங்குக்கும் மெக்லியாடுக்கும். பேன்டிங் கொதிச்சுட்டார். கூடவே ராப்பகலா உழைச்ச ஸ்டூடண்ட் சார்லஸ் பெஸ்ட்டோட பேர் லிஸ்ட்டில் இல்லை. வேலையை ஆரம்பிச்சப்போ பெஸ்ட்டுக்கு வயசு 22தான், பாஸ்! தன் பரிசுப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார் பேன்டிங். நன்றின்னா இது!

ஆனா, கதை அங்கேயே முடியலை. மருந்தைச் சுத்தமாக்கின காலிப்புக்குப் பாதிப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? மெக்லியாட். காலிப்புக்கும் பேன்டிங்குக்கும் லேபிலேயே பெரிய சண்டை. யேலில் கைகொடுத்த மெக்லியாட் மேலயும் பேன்டிங்குக்குக் கோபம் கடைசி வரை தீரலை.

யோசிச்சுப் பாருங்க... பிடிச்சவங்களுக்கு நன்றி சொல்றது ஈஸி. பிடிக்காதவங்க செஞ்ச உதவி மட்டும் எப்படியோ மறந்துபோகுது.

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. சீனியர்கிட்டே இருந்து அப்படியே காப்பி அடிச்சு, பிரின்சிபால், ஹெச்.ஓ.டி-னு வரிசையா போட்டுடுவோம். சாயந்திரம் ஏழு மணி வரைக்கும் லேபைப் பூட்டாம நமக்காகக் காத்திருந்த லேப் அசிஸ்டென்ட் பேர் அதில் இருக்கா? பாதி கோடிங்கை எழுதிட்டு, சண்டை போட்டுட்டுப் போன டீம்மேட் பேர்?

வருஷம் முடிய இன்னும் சில நாள் இருக்கு. லிஸ்ட்டை ஒருதரம் சரிபாருங்க. முறைச்சுக்கிட்டவங்க பேரை முதல்ல சேருங்க.

ஹேப்பி நியூ இயர் மக்களே!