பூநாரை ஃபிரேமுக்குள் இருக்கிறது... நம்ம குப்பை எங்கே?

இரண்டு நிமிட வீடியோ. விடியற்காலை வெளிச்சம், ஆழமில்லாத தண்ணீர், வரிசையாகப் பூநாரைகள். ‘அட, இது நம்ம சென்னையா!’ என்று ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் பற்றிய குறும் ஆவணப்படங்கள் பலவும் இத்தோடு நின்றுவிடுகின்றன.

அழகாக எடுப்பது தப்பில்லை. பறவையைப் பார்த்தால்தான் நிலத்தின் மேல் அக்கறையே வரும். ஆனால், கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் பெருங்குடி குப்பைமேடு தெரியும். அதை வெட்டிவிட்டுக் காட்டுவதுதான் சிக்கல். ஏனென்றால் அந்தக் குப்பை நம்முடையது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எனத் தென்சென்னை வீடுகளின் குப்பை பல ஆண்டுகளாக அங்கேதான் போய்க் குவிந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலையே பிறகுதான் வந்தது.

எவ்வளவு மிச்சம்?

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் சதுப்புநிலம் இது. சாலை, ஐ.டி. வளாகம், அடுக்குமாடி என்று சுருங்கிக்கொண்டே வந்தது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேருக்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ‘ராம்சர்’ அங்கீகாரம் கிடைத்தது.

பறவைக்கு மட்டுமா?

முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். தங்க இடமில்லை என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் வேளச்சேரியில் இருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ராம்சர் அந்தஸ்து கிடைத்துவிட்டதால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க முடியாது. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. அங்கே ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அது பெரிய இடி. அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால், அந்தக் கோபம் நாமக்கோழி மேலோ கூழைக்கடா மேலோ திரும்பக் கூடாது. எல்லையைத் தெளிவாக வரையறுத்து, சர்வே எண்ணோடு முன்பே மக்களுக்குச் சொல்லாதவர்கள் மேல்தான் திரும்ப வேண்டும்.

அடுத்து பள்ளிக்கரணையைப் படமெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் காட்சியைச் சதுப்புநிலத்தில் வைக்காதீர்கள். மயிலாப்பூர் தெரு ஒன்றில் காலையில் வரும் குப்பை வண்டியில் தொடங்குங்கள். அது போகும் வழியிலேயே கேமராவும் போகட்டும். கடைசியில் பூநாரை வரட்டும்.

பார்க்கிற நமக்கும் இரண்டு வேலை இருக்கிறது. ஈரக் குப்பையை வீட்டிலேயே தனியாகப் பிரிப்பது. வீடு வாங்கும் முன், ‘இந்த மனைக்கும் சதுப்புநில எல்லைக்கும் எவ்வளவு தூரம்?’ என்று எழுத்துபூர்வமாகக் கேட்பது. ஹார்ட் போடுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.