முரண் எங்கே என்று கேட்காத ஆசிரியர்

நாடக எழுத்துப் பட்டறை என்றாலே நம்மில் பலருக்குக் கை தானாகக் கரும்பலகைக்குப் போய்விடுகிறது. பாத்திரத்துக்கு என்ன வேண்டும், தடுப்பது யார், உச்சம் எங்கே? மரியா ஐரீன் ஃபோர்னெஸ் (1930–2018) இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்க மறுத்தவர். நியூயார்க்கின் இன்டார் அரங்கில், லத்தீன் அமெரிக்க வம்சாவளி நாடகாசிரியர்களுக்கென 1981இல் அவர் தொடங்கிய பட்டறையில் முதல் வேலை உடற்பயிற்சி. பிறகு கண்ணை மூடி ஓர் இடத்தையும் அங்கிருக்கும் ஆளையும் மனத்தில் பார்க்க வேண்டும்; சில நாள் வரையவும் வேண்டும். எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து ஒரு வரியை வாசிப்பார். அதை அப்போதே காட்சிக்குள் கொண்டுவந்தாக வேண்டும். மாணவர்களோடு அவரும் உட்கார்ந்து எழுதினார். அவருடைய நாடகங்கள் சிலவற்றுக்கு விதை விழுந்தது அங்கேதான்.

ஹவானாவில் பிறந்து 1945இல் அமெரிக்கா வந்தவர். முதலில் ஓவியம்தான், ஹான்ஸ் ஹோஃப்மனிடம் பயிற்சி. பாரிஸில் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' பார்த்தபோது பிரெஞ்சு தெரியாது. நாடகம் மட்டும் ஆளைப் பிடித்துக்கொண்டது. எழுத வந்த கதை இன்னும் வேடிக்கை. எழுத்து நகரவில்லை என்று தோழி சூசன் சொன்டாக் புலம்ப, இதென்ன பெரிய காரியம் என்று தானும் உட்கார்ந்தார். கைக்கு அகப்பட்ட சமையல் புத்தகத்தைப் பிரித்து, வாக்கியங்களின் முதற்சொற்களைப் பொறுக்கி எழுதத் தொடங்கினார்.

1977இல் 'ஃபெஃபுவும் அவள் தோழிகளும்' நாடகத்துக்கு இடம் தேடிப் போனவர், அங்கே கண்ட அறைகளையே நாடகமாக்கினார். நடுப்பகுதியில் பார்வையாளர்கள் நான்கு குழுவாகி அறை அறையாகச் செல்ல, நடிகர்கள் அதே காட்சியை நான்கு முறை நடிக்க வேண்டும். (நாமாக இருந்தால் வாடகையைத்தான் முதலில் கேட்டிருப்போம்.)

திருத்தி எழுதும் கட்டத்துக்கு ஃபோர்னெஸின் பட்டறைப் பயிற்சிகள் போதா என்பது என் எண்ணம். நன்றாகத் தொடங்கிய காட்சிகள் நாடகமாகாமலே நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் அவரிடம் பயின்ற செர்ரி மொராகா, மிக்டாலியா குரூஸ், எடுவர்டோ மச்சாடோ, நிலோ குரூஸ் ஆகியோரை வரிசையாகப் படியுங்கள். ஒருவர் இன்னொருவர் மாதிரி இல்லை, ஆசிரியர் மாதிரியும் இல்லை. பட்டறை நடத்துபவருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தெரியாது. நிலோ குரூஸ் 2003இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றார். லத்தீன் வம்சாவளியினரில் அவரே முதல்வர். ஒன்பது ஓபி நாடக விருதுகள் வாங்கிய ஃபோர்னெஸ், 1990இல் அந்தப் பரிசின் இறுதிப் பட்டியலோடு நின்றிருந்தார்.