நெருக்குண்ட பளிங்கின் ஒளி

"பளிங்கினுள் தகைப்பு இருத்தல் குற்றமே, அது ஒளியைக் கெடுக்கும், ஆயுளையும் குறைக்கும்" என்று சென்ற கிழமை வகுப்பிலே சற்று உறுதியாகவே கூறிவிட்டோம். பின்வாங்கிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வேண்டுமென்றே தகைப்பை ஊட்டி லேசர் செய்கிறார்களாமே?" என்றார். மணி அடித்தது, நாம் தப்பினோம். வீட்டிற்கு வந்து நூல்களைப் புரட்டியபோதுதான் தவறு நம்முடையதென்பது தெளிவாயிற்று.

குறைகடத்தியிலே இலத்திரன்கள் நிரம்பிய பட்டை ஒன்றும், அதன்மேல் வெறும் பட்டை ஒன்றும் உண்டு. இடையிலுள்ள சக்தி இடைவெளியே அப்பொருள் எந்த ஒளியை உறிஞ்சும், எதனை உமிழும் என்பதைத் தீர்மானிப்பது. கலியம் ஆசனைட்டிலே அவ்விடைவெளி 1.42 இலத்திரன் வோல்ற்று. அது உமிழ்வது ஏறக்குறைய 870 நானோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளி. அதனை எப்புறமும் 10,000 வளிமண்டல அமுக்கத்தால் நெருக்கினால் அணுக்கள் நெருங்குகின்றன, இடைவெளி விரிகின்றது, அலைநீளம் 60 நானோமீற்றர் வரையிற் குறுகுகின்றது. சிலிக்கனோ இதற்கு மாறு: நெருக்க நெருக்க அதன் இடைவெளி ஒடுங்கும்! எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி எழுதிக்கொடுக்கும் ஆசிரியர்கள் (நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்) இதைக் கவனிக்க.

இனி, மாணவர் கேட்ட லேசர். கலியம் ஆசனைட்டிலே கலியத்தின் ஐந்திலொரு பங்கிற்குப் பதிலாக இந்தியம் என்னும் உலோகத்தைச் சேர்த்தால், அணுக்களிடைத் தூரம் 1.4 சதவீதம் கூடும். இக்கலவையைத் தூய கலியம் ஆசனைட்டின்மேல் மிக மெல்லிய படையாக வளர்த்தால், அது கீழேயுள்ள அணுக்களின் அளவிற்கே தன்னை ஒடுக்கிக்கொள்ளும். படை தடித்தாற் பளிங்கு முறிந்து குறைபடும். ஒரு மில்லிமீற்றரின் நூறாயிரத்தில் ஒரு பங்களவு தடிப்பாயின் நிலைக்கும். முன்னாளில் லேசர் செய்தோர் இத்தகைய பொருந்தாமையைத் தவிர்க்கவே பாடுபட்டனர். 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அடம்ஸ் என்பாரும், அமெரிக்காவில் யப்லொனோவிச், கேன் என்னும் இருவரும் அதனையே நன்மையாகக் கொள்ளலாமென எடுத்துக்காட்டினர். ஒருதளத்தில் நெருக்குண்ட படையில், நிரம்பிய பட்டையின் உச்சியிலே ஒன்றாயிருந்த இரு நிலைகள் பிரிகின்றன. துளைகளின் பயன்படு திணிவு குறைகின்றது. ஆகவே சிறு மின்னோட்டத்திலேயே லேசர் தொழிற்படத் தொடங்குகின்றது.

இவ்வகையில் 980 நானோமீற்றர் ஒளி தரும் லேசர்கள், கடலடி ஒளியிழை வடங்களிலே களைத்துவரும் சைகைகளைப் பெருக்கும் ஏர்பியம் பெருக்கிகளுக்குச் சக்தி ஊட்டுகின்றன. ஆழ்கடலில் அடிக்கடி பழுதுபார்க்க இயலாதாதலால், அவ்வடங்கள் 25 ஆண்டு உழைக்குமாறு அமைக்கப்படுகின்றன. ஆயுளைக் குறைக்குமென்று நாம் சொன்ன தகைப்பு இருப்பது அங்கேதான். திங்கட்கிழமை முதற்பாடம் அதே வகுப்பிற்கு. கரும்பலகையில் இப்படத்தை வரைந்துவிட்டே வேறு பாடம் தொடங்குவோம்.