லாஸ்பேட்டை ஓடுதளமும் சின்ன விமானங்களும்: தூரம், எரிபொருள், எடை... எதை விட்டு எதைப் பிடிப்பது?

புதுச்சேரிக்கு விமானம் வருவதும் நிற்பதும் புதிய செய்தி அல்ல. 2013-ல் புதிய முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது, பிறகு நின்றது. 2015-ல் அலையன்ஸ் ஏர் வந்தது, அதுவும் நின்றது. 2017 ஆகஸ்ட்டில் உடான் திட்டத்தின் கீழ் ஸ்பைஸ்ஜெட் மீண்டும் வந்து ஹைதராபாத் சேவையைத் தொடங்கியது. கொரோனா இடைவெளிக்குப் பிறகும் ஓடிய அந்தச் சேவை 2024 மார்ச்சில் முடிந்தது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களுக்குப் பறக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு முறை சேவை நிற்கும்போதும் ஊரில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் டெல்லிக்கும் மும்பைக்கும் நேரா ஃபிளைட் விட மாட்டேங்கறாங்க?" அரசியல்வாதிகளின் பதிலும் ஒன்றுதான்: "ஓடுதளத்தை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும்." இந்தப் பதில் பாதி உண்மை. மீதி பாதியைப் புரிந்துகொள்ள, சின்ன விமானங்களின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டெம்போவும் விமானமும்

புதுச்சேரி டெம்போவில் பத்து பேர் ஏறிய பிறகும் "உள்ள தள்ளி உட்காருங்க" என்ற குரல் கேட்கும். வண்டி முக்கி முனகியாவது கிளம்பிவிடும். விமானத்தில் அது நடக்காது. கிளம்பும்போது இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு உண்டு. அந்த எடைக்குள்தான் விமானம், எரிபொருள், ஆட்கள், பெட்டிகள் எல்லாமே அடங்க வேண்டும்.

உலகம் முழுக்கப் பயிற்சிக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் 172எஸ் ரகத்தின் உச்ச எடை 1,157 கிலோ. வெற்று விமானமே 750 கிலோவைத் தாண்டும். மிச்சம் ஏறக்குறைய 400 கிலோ. டேங்கை முழுதாக நிரப்பினால் சுமார் 200 லிட்டர் பெட்ரோல், அதாவது 145 கிலோ போய்விடும். மீதி 250 கிலோவில் எத்தனை பேர்? நன்றாகச் சாப்பிடும் மூன்று பேரும் ஒரு பெட்டியும். ஆனால் விமானத்தில் இருப்பதோ நாலு சீட்!

நாலு பேரும் போயே ஆக வேண்டும் என்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். அப்போது 1,000 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடிய விமானம் அதில் பாதித் தூரத்தில் இறங்க வேண்டி வரும். விளம்பரத்தில் "4 இருக்கை" என்றும் "1,100 கி.மீ.க்கு மேல் பறக்கும்" என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் பொய் இல்லை. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது, அவ்வளவுதான்.

டாடாவின் முதல் விமான அஞ்சலே இந்தக் கணக்கில் ஓடியதுதான். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தது ‘புஸ் மாத்’ என்ற சின்ன சுற்றுலா விமானம். வழியில் அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பினார். பம்பாயிலிருந்து அஞ்சலை மெட்ராசுக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அவரும் பெல்லாரியில் இறங்கித்தான் வந்தார். ஏன்னா அந்த விமானத்தால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் இடையே நேர்க்கோட்டில் 1,000 கி.மீ.க்கு மேல். தபால் பையைக் குறைத்து டேங்கைப் பெரிதாக்கியிருந்தால், பறந்து வருவதற்கே அர்த்தம் இருந்திருக்காது.

ஏடிஆர்-இன் 3 டன் இடைவெளி

இப்போது லாஸ்பேட்டைக்கு வருவோம். ஏடிஆர் 72-600 விமானத்தின் உச்ச எடை 23,000 கிலோ. பறக்கத் தயாரான நிலையில் வெறும் விமானம் சுமார் 13,500 கிலோ. ஏற்றக்கூடிய அதிகபட்ச ஆள்-சரக்கு எடை சுமார் 7,500 கிலோ. டேங்க் கொள்ளளவு 5,000 கிலோ. மூன்றையும் கூட்டினால் 26,000 வருகிறது. அனுமதிக்கப்பட்டதைவிட 3 டன் அதிகம். அதாவது சீட்டும் பெட்டியும் முழுதாக நிரம்பினால் டேங்கில் 2 டன்னுக்கு மேல் ஊற்ற முடியாது.

அந்த 2 டன் போதுமா? புதுச்சேரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 265 கி.மீ., ஹைதராபாத் சுமார் 600 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணங்கள்தான். போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குத் திரும்ப, அதற்கு மேல் அரை மணி நேரம் வானில் சுற்ற என்று கட்டாய இருப்பு எரிபொருளையும் சேர்த்தாலும் சமாளித்துவிடலாம். ஆக, தூரம் இங்கே பிரச்சினையே இல்லை.

பிரச்சினை தரையில் இருக்கிறது. லாஸ்பேட்டை ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர். உச்ச எடையில் ஏடிஆர் கிளம்ப ஏறக்குறைய 1,300 மீட்டர் வேண்டும். இது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் சொல்லப்படும் கணக்கு. புதுச்சேரியில் 15 டிகிரியா? மார்கழி விடியலில்கூடக் கிடைக்காது!

வெயில் என்ன செய்யும்?

காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும், இன்ஜினின் வலுவும் குறையும். விமானிகள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: இருக்க வேண்டிய வெப்பத்தைவிட 1 டிகிரி கூடினால், விமானம் 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். மே மாத மதியம் 38 டிகிரி என்றால் 23 டிகிரி அதிகம். கடற்கரை ஊரான புதுச்சேரி, விமானத்தின் கணக்கில் 2,700 அடி உயர ஊராகிவிடுகிறது. ஏறக்குறைய பெங்களூரு உயரம், ஆனால் அந்த ஊர் குளிர்ச்சி இல்லாமல்.

சிறு விமானங்களுக்கு இன்னொரு தோராயக் கணக்கும் உண்டு. எடை 10% கூடினால் கிளம்பத் தேவையான தூரம் 20% கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இன்னும் 10% கூடும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். ஓடுதளம் நீளாது. எனவே குறைக்க முடிந்தது எடை மட்டுமே. ஒன்று சில சீட்டைக் காலியாக விட வேண்டும், அல்லது பெட்டிகளை அடுத்த விமானத்தில் அனுப்ப வேண்டும், அல்லது வெயில் தாழக் கிளம்ப வேண்டும். குறுகிய ஓடுதளம் உள்ள எந்த ஊரிலும் கோடையில் நிறுவனங்கள் போடும் கணக்கு இது. பெட்டி வந்து சேரவில்லை என்று கவுன்ட்டரில் சண்டை போடும் பயணிக்கு இதை யாரும் விளக்குவதில்லை என்பது தனிக் கதை.

ஏ320 போன்ற ஜெட் முழு எடையில் கிளம்ப 2,100 மீட்டர் அளவுக்கு வேண்டும். டெல்லி, மும்பைக்கு நேரடி ஜெட் சேவை ஏன் இல்லை என்பதற்கான பதில் இங்கேயே முடிந்துவிடுகிறது.

வேகம் யாருக்கு வேண்டும்?

ஸ்பைஸ்ஜெட் இங்கே பயன்படுத்தியது க்யூ400. ஏடிஆரைவிடப் பெரிய இன்ஜின், மணிக்கு 650 கி.மீ.க்கு மேல் போகும். ஏடிஆர் 500-ஐ ஒட்டித்தான். ஆனால் 265 கி.மீ. தூரத்தில் இந்த வித்தியாசம் மிச்சப்படுத்துவது பத்து நிமிடத்துக்கும் குறைவு. ஹைதராபாத்துக்குக் கால் மணி நேரம். அந்த நிமிடங்களுக்காக க்யூ400 எரிக்கும் எரிபொருளோ கணிசமாக அதிகம்.

பைக் ஓட்டுபவர்களுக்கு இது தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 55-ல் போனால் கிடைக்கும் மைலேஜ் 90-ல் கிடைக்காது. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு அதன் இருமடிப் பெருக்கில் ஏறுகிறது. விமானத்துக்கும் அதே விதிதான். ஒரே வேறுபாடு, ரொம்ப மெதுவாகப் போனாலும் விமானம் அதிகம் எரிக்கும். மெதுவாகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே நிற்கவே கூடுதல் சக்தி வேண்டும்.

இன்னொரு விஷயம், 78 சீட். க்யூ400, இண்டிகோ ஏடிஆர் இரண்டிலும் இதே எண்ணிக்கை. இந்திய விதிப்படி 80-க்குக் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு சேவை விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டண விலக்கு உண்டு. 40 டன்னுக்குக் குறைவான உச்ச எடை கொண்ட விமானங்களின் எரிபொருளுக்கு மாநில விற்பனை வரி 5%-ஐத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் பெரிய விமானங்களுக்கு நீண்டகாலம் இருந்தது 29%. உடான் நிலையங்களில் 1% என்றும் சலுகை கொடுக்கப்பட்டது. ஆக சின்ன விமானத்துக்கு அரசு ஏற்கெனவே நிறையச் சலுகை தருகிறது. அப்படியும் சேவைகள் நிற்கின்றன என்றால், நாற்காலிகள் நிரம்பவில்லை, அல்லது அந்த விமானத்துக்கு வேறு ஊரில் நல்ல வருமானம் கிடைக்கிறது என்றே அர்த்தம்.

இன்னும் சின்னதாகப் போனால்?

17 இருக்கை டோர்னியர் 228-ஐ 2022 ஏப்ரலில் அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு அலையன்ஸ் ஏர் இயக்கியது. 19 இருக்கை ட்வின் ஓட்டர் 400 மீட்டருக்குள் கிளம்பிவிடும். லாஸ்பேட்டை அதற்கு மைதானம் மாதிரி. ஆனால் எரிபொருள், இரண்டு விமானிகள், பராமரிப்பு எல்லாச் செலவையும் 19 பேர் தலையில் பிரித்தால் டிக்கெட் விலை எகிறும். மலைப் பகுதியில் வேறு வழியில்லாததால் அது நியாயம். பஸ்ஸும் ரயிலும் உள்ள புதுச்சேரியில் மானியம் தீர்ந்த மறுநாளே அது நின்றுவிடும்.

செஸ்னா வகை விமானங்களுக்கு எரிபொருளே தனித் தலைவலி. அவற்றுக்கு வேண்டிய ‘ஏவ்கேஸ் 100எல்எல்’ பெட்ரோலை 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை முழுவதும் இறக்குமதி. ஜெட் எரிபொருளிலேயே ஓடும் டீசல் இன்ஜின் கொண்ட டயமண்ட் டிஏ40 விமானங்களைப் பயிற்சிப் பள்ளிகள் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குறைவாகக் குடிக்கும், எங்கும் எரிபொருள் கிடைக்கும். ஆனால் இன்ஜின் எடை கூடுதல், விலையும் கூடுதல்.

ஓடுதள நீட்டிப்புக்குத் தேவைப்படும் நிலத்தின் பெரும்பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கடிதங்கள் போய் வருகின்றன. அந்த நிலத்தில் வீடும் வயலும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு அறிவிப்பின்போதும் பதறுகிறார்கள். 2,000 மீட்டருக்கு மேல் நீட்டினால் ஏ320 இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் 78 சீட்டே தள்ளாடும் தடத்தில் 180 சீட்டை யார் நிரப்புவார்கள்?

நிலத்தை அளக்கப் போகும் முன் புதுச்சேரி அரசு வெளியிட வேண்டிய எண்கள் சில உண்டு. 2013 முதல் இதுவரை ஒவ்வொரு சேவையிலும் சராசரியாக எத்தனை சீட் நிரம்பியது, கோடையில் எடைக் கட்டுப்பாட்டால் எத்தனை சீட் விற்கப்படாமல் போனது, இழப்பை ஈடுகட்ட எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது. கோடையில் சீட்டுகள் வெயிலால்தான் வீணாகின்றன என்றால், சில நூறு மீட்டர் நீட்டிப்போ காலை ஏழு மணிப் புறப்பாடோகூடப் போதுமானதாக இருக்கலாம். டிக்கெட்டே விற்கவில்லை என்றால் 3,000 மீட்டர் போட்டாலும் காலி ஓடுதளம்தான் மிஞ்சும்.